வடக்குச் சந்தில் வந்தவர்கள்

கார்ஸ்டன் ஊரில் கெட்ட வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. வடகடல் ஓரத்து மீன்காரர்கள் பாதிரியார் எதிரே வந்தால்கூட வாயை அடக்கமாட்டார்கள். ஆனால் ஒரே ஒரு சொல்லை மட்டும் அந்த ஊரில் யாரும் சொல்லக்கூடாது. பன்றி. பெயரைச் சொன்னால் வலை கிழியும். வழியில் பார்த்துவிட்டால் அன்றைக்குப் படகு இறங்காது. கடற்கரையிலேயே பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கக்கூட யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. பேசியே தீரவேண்டும் என்றால் 'அந்த ஆசாமி' என்பார்கள். சொன்ன கையோடு பக்கத்தில் கிடக்கும் இரும்பைத் தொட்டுக்கொள்வார்கள். பிசாசுகள் பன்றிக்கூட்டத்துக்குள் புகுந்த பைபிள் கதையைப் பாதிரியார் வாசித்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் இருந்த அத்தனை பேரும் குனிந்து பூட்ஸ் ஆணியைத் தொட்டார்கள். பாவம் அந்த மனிதர், ஊரே ஜெபத்தில் உருகிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் கெசையா வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவளுடைய அப்பாவுக்கு மூன்று மைல் உள்ளே பண்ணை. பண்ணையில் நாற்பது ஆசாமிகள். லூக் டாசன் அவளைச் சந்தையில் பார்த்து, கையில் இருந்த மீன்கூடையைக் கீழே போட்டான். அதற்கப்புறம் ஊர் சொன்ன எதுவும் அவன் காதில் ஏறவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆயிற்று. இன்னமும் அவளுக்கு ஊரில் பெயர் 'ஆசாமி வீட்டுப் பொண்ணு'தான்.

அந்த ஊரில் ஒரு பெண்ணின் மதிப்பைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் வடத்தைப் பார்த்தால் போதும். ஆபத்தில் இருக்கும் கப்பல்காரர்களை மீட்க ஒரு பெரிய துடுப்புப் படகு உண்டு. அதை இரும்புச் சக்கர வண்டியில் ஏற்றிக் கடல்வரை இழுப்பது பெண்களின் வேலை. ஏறித் துடுப்புப் போடுவது ஆண்களின் வேலை. முன்பெல்லாம் உதவிக்குக் குதிரைகள் இருந்தன. யுத்தம் வந்ததும் குதிரைகளை ராணுவம் பிடித்துக்கொண்டு போயிற்று. மிச்சம் இருந்தது முப்பத்தாறு பெண்கள்தான். வடத்தின் தலையைப் பிடிப்பவள் பெல்லா, லூக்கின் அக்கா. ஆணுக்கு ஆண், பேய்க்குப் பேய். வடத்தின் வாலைப் பிடிப்பவள் கெசையா. பண்ணையில் வளர்ந்தவள் முன்னால் நின்றால் படகுக்கு ஆகாதாம்.

1917, பிப்ரவரி. கிழக்கே இருந்து பனியோடு காற்று அடித்துக்கொண்டிருந்த காலை. பெண்கள் கொல்லையில் உட்கார்ந்து, தூண்டிலுக்கு இரை கோர்க்கச் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தபோது கடலில் ஒரு வெடி கேட்டது. சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பெல்லா கத்தியைக் கீழே வைத்தாள்.

"பீரங்கி இல்ல இது. கண்ணிவெடி."

ஜெர்மன்காரன் நீர்மூழ்கியில் வந்து கடலில் விதைத்துவிட்டுப் போகும் கண்ணிவெடிகளைப் பற்றி அந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெல்லாவின் புருஷனும் லூக்கும் ஒரே படகில் அந்த வெடிகளை அரித்தெடுக்கும் வேலைக்குத்தான் போயிருந்தார்கள். வெடிச்சத்தம் கேட்டால் பெல்லாவுக்கும் கெசையாவுக்கும் ஒரே பயம்தான். அதை ஒருத்தியிடம் ஒருத்தி சொல்லிக்கொண்டதில்லை.

ஊரே கரைக்கு ஓடியது. பனி கொஞ்சம் விலகியதும் கப்பல் தெரிந்தது. 'கெல்டா' என்ற சரக்கு நீராவிக் கப்பல்; ஆர்க்னித் தீவுகளிலிருந்து நியூகாசிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்பாதி வெடித்த இடத்திலேயே போய்விட்டது. முன்பாதியை அலை தூக்கிக் கரைக்கு எதிரே இருந்த பாறைத்திட்டின் வெளிவிளிம்பில் சாத்தியிருந்தது. ஒரு கொடிமரம் மட்டும் நின்றது. கொடிமரத்தின் கயிறுகளில் ஆட்கள்.

தொலைநோக்கி கை மாறிக் கை மாறிக் கடைசியில்தான் கெசையாவிடம் வந்தது. வால் பிடிக்கிறவளுக்கு எல்லாமே கடைசியில்தான் வரும். அவள் எண்ணினாள். பதினாலு. நம்பிக்கை இல்லாமல் மறுபடி எண்ணினாள். பதினாலுதான். ஒருவன் அசையவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் இடைவாரால் அவனை மரத்தோடு கட்டியிருந்தார்கள். அவன் மேலே வெறும் பனியன்தான் இருந்தது. கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவனாக இருக்க வேண்டும். இந்தக் குளிரில் பனியனோடு ஒருவன் எவ்வளவு நேரம் தாங்குவான் என்று அவளால் நினைக்க முடியவில்லை. லூக்குக்கு ஒரு பழுப்புக் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்திருந்தாள். அவன் அதை வேலை நேரத்தில் கழற்றி வைத்துவிடுவான், எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டான்.

"ரெண்டு மணி நேரம்" என்றார் ராஃப் டாசன். படகின் தண்டல், அதாவது தலைவர், அவர்தான். பெல்லாவுக்கு அப்பா, கெசையாவுக்கு மாமனார். அறுபத்தெட்டு வயது, முகத்தில் சிரிப்பு வந்து பத்து வருஷம் இருக்கும். "தண்ணி ஏறிட்டிருக்கு. ஏறி முடிஞ்சா கொடிமரமும் இருக்காது, ஆளும் இருக்காது. படகை எடுங்க."

படகு வெளியே வந்தது. பெண்கள் வடத்தைப் பிடித்தார்கள். இளவட்டம் எல்லாம் சண்டைக்குப் போய்விட்டதால் துடுப்புக்கு வந்து நின்றவர்கள் கிழவர்களும், ராணுவம் வேண்டாம் என்று தள்ளியவர்களும்தான். தள்ளப்பட்டவர்களில் ஒற்றைக்கண் ரோஜர் ஒருவன். இழுத்துக்கொண்டு தெற்குப் பக்கம் நாற்பது அடிகூடப் போகவில்லை, ராஃப் கையைத் தூக்கினார்.

"நில்லுங்க. தெக்குச் சந்துல என்ன கெடக்கு, பாருங்க."

பாறைத்திட்டைத் தாண்டிப் போகப் படகுக்கு இருந்தது அந்த ஒரே வழி, தெற்குச் சந்து. அதன் நடுவில் ஒரு கறுப்பு உருண்டை மிதந்தது. உடம்பெல்லாம் கொம்பு. சங்கிலி அறுந்து வந்த இன்னொரு கண்ணிவெடி. அலை அதை ஒரு பாறைக்கும் எதிர்ப்பாறைக்கும் நடுவே உருட்டிக்கொண்டிருந்தது.

"வடக்குச் சந்து?" என்றாள் கெசையா, வடத்தின் வாலிலிருந்து.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ரோஜர் தன் ஒற்றைக்கண்ணை உருட்டினான். "அம்மா தாயே, அங்க முப்பது வருஷம் முன்னால ஒரு கரிக்கப்பல் முழுகிக் கெடக்கு. அதோட இரும்பு விலாவெல்லாம் தண்ணிக்கடியில நட்டமா நிக்கி. போனா அடிப்பலகை கிழிஞ்சிரும். இது பாலு கறக்குற வேல இல்ல, பேசாம கயித்தப் பிடி."

கெசையா வாயை மூடிக்கொண்டாள். ராஃப் சந்தைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார், சந்தைப் பார்த்தார். கண்ணிவெடி ஒதுங்கினால் போகலாம், ஒதுங்காவிட்டால் இல்லை. அவர் கோழை அல்ல. அந்தப் படகில் இதுவரை எழுபது பேரைக் கரை சேர்த்தவர். அதை நான் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது.

அப்போதுதான் அலைநுரைக்குள் வெளுப்பாக ஒரு தலை தெரிந்தது.

"ஆளு! ஆளு வாரான்!" என்று யாரோ கத்த, பெல்லா வடத்தை விட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீரில் பாய்ந்தாள். அலை அடித்து முகத்தை மூடிற்று. கண் தெரியாமல் கையை நீட்டித் துழாவி, கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள். பிடித்தது காது. நல்ல அகலமான காது. அந்தக் காதுக்குச் சொந்தக்காரர் வாயைத் திறந்து வீறிட்டார்.

பெல்லாவும் வீறிட்டாள். இருவரில் யார் சத்தம் பெரிது என்று ஊரில் வெகுநாள் வாதம் நடந்தது.

கெல்டா ஏற்றி வந்த சரக்கு என்ன என்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. முதல் ஆசாமிக்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் நாலு, பிறகு ஒரு கும்பல். மூச்சு வாங்கிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு, காலை உதறிக்கொண்டு, படகுக்கு எதிரே மணலில் வந்து நின்றன. ஊர் அப்படியே திரும்பி முதுகைக் காட்டியது. பெண்கள் போர்வையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்கள். துடுப்புக்காரர்கள் பதின்மூன்று பேரும் வண்டியின் இரும்புச் சக்கரத்தை மொய்த்து, ஆளுக்கொரு கையை அதில் வைத்து, நெற்றியையும் சாய்த்துக்கொண்டார்கள். இடம் கிடைக்காத ஒருவர் அடுத்தவரின் பெல்ட் கொக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுது" என்றார் ராஃப், சக்கரத்தைப் பார்த்தபடி. "படகை உள்ள தள்ளுங்க."

கெசையாவும் பழக்க தோஷத்தால் பாதி திரும்பிவிட்டாள். பதினோரு வருஷம் ஊர் அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அது. ஆனால் ஒரு குட்டி குளிரில் முனகியது. அந்த முனகல் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். திரும்பிப் பார்த்தாள். அந்தக் கடற்கரையில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றவள் அவள் ஒருத்திதான்.

அதனால்தான் அவள் கண்ணில் பட்டது. பன்றிகள் தெற்கே இருந்து வரவில்லை. திட்டின் மேல் ஏறியும் வரவில்லை. நுரைக்கு நடுவே ஒரு நீளமான கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. அதன் வழியே ஒன்றன்பின் ஒன்றாக, சந்தைக்குப் போகிறவர்கள் மாதிரி வரிசையாக வந்தன. வடக்குச் சந்து. உள்ளே நுழைந்ததும் கரையோர நீரோட்டம் அவற்றைத் தெற்கே தள்ளிப் படகின் முன்னால் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தது.

அவள் வடத்தைக் கீழே போட்டாள். நேராகப் போய் முதல் பன்றியின் பக்கத்தில் மண்டியிட்டு, அதைப் புரட்டி, வயிற்றைத் தடவினாள், தொடை இடுக்கைத் தடவினாள், கால்களைத் தூக்கிப் பார்த்தாள். பன்றித்தோல் தடித்தது என்பார்கள், பன்றியைத் தொட்டறியாதவர்கள். அடிவயிறு குழந்தைக் கன்னம் மாதிரி. முள்வேலியில் உரசினாலே ரத்தம் கொட்டும். கீறல் இல்லை. அடுத்ததைப் பார்த்தாள், இல்லை. ஒன்பது பன்றிகளைப் பார்த்தாள். ஒன்றின்மேல்கூடத் துருப்பிடித்த இரும்பு உரசிய தடம் இல்லை.

எழுந்து ஓடிவந்தாள். பாவாடையெல்லாம் சேறு.

"மாமா, வடக்குச் சந்து தொறந்திருக்கு. அந்தக் கரிக்கப்பல் அங்க இல்ல. இந்தப் பனிக்காலத்துப் புயல்ல ஒடஞ்சு போயிருக்கணும், இல்லன்னா மண்ணுக்குள்ள போயிருக்கணும்."

"யாரு சொன்னா?"

"அதுங்க சொல்லுது. அத்தனையும் அந்த வழியாத்தான் வருது. ஒண்ணு மேலகூட ஒரு கீறல் இல்ல, மாமா. இரும்பு நட்டமா நின்னா வயிறு கிழிஞ்சிருக்காதா? வந்து பாருங்க."

"நான் பாக்கமாட்டேன்." ராஃப் சக்கரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "அந்த ஆசாமி காலடி பட்ட மணல்ல படகு எறங்குனதா சரித்திரமே இல்ல. நீ தள்ளிப் போ. ஒன் கையில அதோட வாடை அடிக்குது."

"பதினாலு பேரு தொங்குறாங்க, மாமா!"

"எனக்கும் எண்ணத் தெரியும்!"

அவருடைய குரல் உடைந்தது. அந்தப் பதினாலு பேரை நினைத்து அந்த மனிதருக்கும் வேதனைதான். ஆனால் எழுபது வயதை நெருங்கிய ஒருவரின் பயத்தைப் பேசிக் கரைக்க எவராலும் ஆகாது. கெசையாவுக்குப் பொறுக்கவில்லை. பதினோரு வருஷம் விழுங்கிய சொல் ஒன்று வெளியே வந்துவிட்டது.

"பன்னி!" என்று கத்தினாள். "பன்னி, பன்னி, பன்னி! பேரைச் சொல்லிட்டேன், பாருங்க. வானம் இடிஞ்சா விழுந்துருச்சு? பன்னி நீந்துன வழியில போவ ஒங்க படகுக்குத் தெம்பில்லையா? நாளைக்கு லூக்கு இப்படி ஒரு மரத்துல தொங்கினா, அங்க இருக்குற ஊர்க்காரன் காக்காவப் பாத்தேன், பூனையப் பாத்தேன்னு வீட்டுக்குள்ள போய்ப் படுத்துக்கட்டுமா?"

போர்வைக்குள்ளிருந்து ஒருத்தி விசும்பினாள். கெசையா பெல்லாவிடம் போனாள். பெல்லா தண்ணீர் ஓரத்திலேயே நின்றாள். காதைப் பிடித்த கையைத் தன் உடம்பில் படாமல், வேறு யாருடைய கையையோ வைத்திருப்பவள் மாதிரி தூரமாக நீட்டியிருந்தாள்.

"மதினி, நீங்க அத தொட்டாச்சு. இன்னும் சாகலல்ல?"

"கைய வெட்டிரலாமான்னு யோசிச்சிட்டிருக்கேன்."

"வெட்டுறதுக்கு முன்னால அதால கயித்தப் பிடிங்க."

பெல்லா அவளை முறைத்தாள். பிறகு கப்பலைப் பார்த்தாள். கொடிமரம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவள் புருஷனும் லூக்கும் ஒரே படகில் இருந்தார்கள் என்பதை முன்பே சொன்னேன். பெல்லா கையைப் பாவாடையில் ஒரு தரம் அழுத்தித் துடைத்தாள்.

"ஏட்டி!" என்று பெண்களைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். "முக்காட்ட எடுங்கடி. எழவு வீடா இது? வடத்தப் பிடிங்க. வடக்கே இழுக்கப்போறோம்."

"பெல்லா!" என்றார் ராஃப்.

"நீங்க சக்கரத்த விட்டுத் தள்ளி நில்லுங்கப்பா, கால்ல ஏறிரும். கெசையா, நீ எங்க வாலுக்குப் போற? எந்த எடத்துல வெளிய வந்துச்சுன்னு ஒனக்குத்தானே தெரியும்? முன்னால வா."

முன்னால் வருவதற்குள் கெசையா ஒரு வேலை செய்தாள். முப்பது பன்றிகள் வழியை மறித்து நின்றன. அவற்றை எங்கே அடைப்பது? பூட்டுள்ள கதவோடு காலியாக இருந்த கட்டிடம் ஒன்றே ஒன்றுதான். "கிஸ்ஸி, கிஸ்ஸி, கிஸ்ஸி" என்று அப்பா தன் பன்றிகளைக் கூப்பிடும் குரலில் கூப்பிட்டு, கையைத் தாழ்த்திக்கொண்டு பின்னால் நடந்து, எல்லாவற்றையும் படகுக் கொட்டகைக்குள் ஓட்டிக் கதவைச் சாத்தினாள். ராஜாங்க முத்திரை பதித்த கொட்டகை. ரோஜர் அதைப் பார்த்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

அரை மைல். ஒரு பக்கம் கூழாங்கல், ஒரு பக்கம் பனி, எதிரே காற்று. "இழு!" என்று பெல்லா குரல் கொடுக்க, முப்பத்தாறு பெண்களும் ஒரே மூச்சாகச் சாய்ந்தார்கள். சக்கரம் கல்லில் ஏறும், வழுக்கும், மறுபடி ஏறும். கெசையாவின் உள்ளங்கை முதல் நூறு அடியிலேயே உரிந்தது. ஒருத்தி செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு இழுத்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியைப் பெல்லா திட்டி விரட்ட, அவள் பின்பக்கம் போய்ச் சக்கரத்தைத் தள்ளினாள். நான் எத்தனையோ ஊர்வலங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஊர்வலத்துக்கு நிகர் ஒன்றுகூட இல்லை. துடுப்புக்காரர்கள் பதின்மூன்று பேரும் முதலில் நின்ற இடத்திலேயே நின்றார்கள். தங்கள் படகு தங்களை விட்டுவிட்டுப் போவதைப் பார்த்தார்கள். முதலில் ஒருவர் நடந்தார், பிறகு இரண்டு பேர். வடக்குச் சந்துக்கு எதிரே வண்டி போய் நின்றபோது எல்லாரும் மூச்சிரைக்கப் பின்னால் வந்து நின்றார்கள். ராஃப் ஒரு துண்டு இரும்பைக்கூடப் பிடித்திருக்கவில்லை. ஓடிவந்ததில் மறந்துபோயிருக்க வேண்டும்.

"தண்டல் இல்லாம இந்தப் படகு போனதில்ல" என்று எரிச்சலோடு சொல்லிக்கொண்டே ஏறினார். ஏறியவர் திரும்பி, "ஏ புள்ள, சரியா எந்த எடம்?"

"அந்த வெள்ளைப் பாறைக்கு இடப்பக்கம், மாமா. கறுப்பா ஒரு கோடு தெரியுது பாருங்க. அதுக்கு உள்ளயே."

"கீழ இரும்பு இருந்துச்சுன்னா, சாகும்போது ஒன்னத்தான் நெனப்பேன்."

"நெனைங்க. இல்லன்னா ஞாயித்துக்கிழமை நெனைங்க, கேக்கு பண்ணித் தாரேன்."

முதல் தடவை படகை இறக்கியதும் அலை அதைப் பக்கவாட்டில் தூக்கிக் கரையில் எறிந்தது. துடுப்பு ஒன்று ஒடிந்தது. இரண்டாம் தடவை பெண்கள் வடத்தோடு கடலுக்குள்ளேயே போனார்கள், முழங்கால், இடுப்பு, மார்பு. அங்கே ஒருத்திக்கும் நீந்தத் தெரியாது. கழுத்தளவில் நின்று, படகின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பி, அடுத்த அலை தூக்கும் கணத்தில் ஒரே தள்ளு. மிச்சத் துடுப்புகள் அத்தனையும் ஒன்றாக விழுந்தன. படகு போயிற்று. கெசையாவை அலை புரட்டிப் போட்டது. பெல்லா முடியைப் பிடித்துத் தூக்கினாள்.

படகு வெள்ளைப் பாறைக்கு இடப்பக்கம் போய் நுரைக்குள் மறைந்தது. கெசையா மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள், நூறு, நூற்றைம்பது. அடிப்பலகை கிழியும் சத்தத்துக்காகக் காது விடைத்து நின்றது. இருநூறு வந்தபோது காதைப் பிளக்கும் ஒரு வெடி. தண்ணீர் கோபுரம் மாதிரி எழுந்தது. எல்லாரும் மணலில் விழுந்தார்கள். ஒருத்தி "போச்சே!" என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

கெசையா முகத்தை மணலில் புதைத்துக்கொண்டாள். அனுப்பியது நான்தான், பதின்மூன்று பேரையும் நான்தான் அனுப்பினேன் என்று ஒரே நினைப்பு. தலையைத் தூக்கிப் பார்க்கப் பயந்தாள். பெல்லாதான் பார்த்தாள்.

"ஏட்டி, தெக்கேடி! தெக்குச் சந்துல வெடிச்சிருக்கு! அந்தக் கொம்பன் பாறையில முட்டிக்கிட்டான்!"

வடக்கே திட்டுக்கு அந்தப் புறம், அலையின் முதுகில், சின்னதாக நீலமும் வெள்ளையுமாகப் படகு ஏறி இறங்கியது. கண்ணிவெடி ஒதுங்கட்டும் என்று காத்திருந்து தெற்கு வழியாகப் போயிருந்தால் ஒருவேளை அந்நேரம் அந்தச் சந்தில் இருந்திருப்பார்கள். அதை எல்லாரும் ஒரே சமயத்தில் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பெண்கள் கெசையாவைப் பார்த்தார்கள். கர்ப்பிணிப் பெண் வந்து அவளுடைய இரு கன்னத்திலும் மாறி மாறி முத்தமிட்டாள்.

படகு உடைந்த கப்பலின் மறைவில் ஒட்டி நின்றது. மேலேயிருந்து ஒவ்வொருவராக இறங்குவது தெரிந்தது, ஆனால் பனி மறைத்து மறைத்து எண்ணவிடாமல் செய்தது. கடைசி ஆள் இறங்கினானா இல்லையா, கொடிமரம் சாய்ந்தது. கப்பலின் முன்பாதி ஒரு தரம் உருண்டு திட்டிலிருந்து நழுவிக் காணாமல் போயிற்று. அவ்வளவுதான், கெல்டா முடிந்தது.

திரும்பி வரும்போது சந்துக்குள்ளிருந்தே ராஃபின் குரல் கேட்டது. காற்று கொண்டுவந்து சேர்த்தது.

"ஆழம்! நல்ல ஆழம்! ஒரு ஆணிகூட இல்லடா, கடவுளே!"

பத்து வருஷமாகச் சிரிக்காத மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் ஆண்கள் படகுக்குப் போகும்போது கால் நனையாமலிருக்கப் பெண்கள் முதுகில் சுமந்து போய் ஏற்றிவிடுவதுதான் வழக்கம். இன்று அதே முதுகுகள் கடலுக்குள் இறங்கின. பெல்லா தண்ணீர் ஓரத்தில் நின்று உரக்க எண்ணினாள். முதலில் வந்தவன் சமையல்காரன், "ஒண்ணு!" கேப்டன் ஃபிளெட் என்ற நரைத்த தாடிக்காரர் கடைசியாகத்தான் வருவேன் என்று அடம்பிடிக்க, ஒருத்தி அவரைக் குழந்தை மாதிரி அள்ளிக்கொண்டு வந்தாள், "ஒம்பது!" ஒவ்வொரு எண்ணுக்கும் கரை முழக்கமிட்டது. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. பதிமூணு.

பிறகு பெல்லா எண்ணவில்லை.

படகின் அடியில் அந்தப் பனியன்காரன் கிடந்தான். கரி படிந்த பெரிய உடம்பு, நீலம் பாரித்த உதடு. ராஃப் தன் சட்டையைக் கழற்றி அவன்மேல் போட்டிருந்தார். "தெரியலம்மா" என்றார் கெசையாவிடம், மெதுவாக. "கட்ட அவுக்கும்போதே இப்படித்தான் இருந்தான்."

"முதுகுல போடுங்க."

"கனம், கெசையா. ரெண்டு பேரு தூக்கட்டும்."

"போடுங்க, மாமா!"

போட்டார்கள். முழங்கால் மடங்கியது, நிமிர்ந்தாள். பண்ணையில் கோதுமை மூட்டை சுமந்தவள்தான், ஆனால் மூட்டைக்குத் தலை தொங்காது. அலை பின்னால் அடித்தது. ஒரு அடி, இன்னொரு அடி. பெல்லா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள், பன்றியின் காதைப் பிடித்த அந்தக் கையாலேயே. கெசையா அவனிடம் பேசிக்கொண்டே வந்தாள். "ஏ, கேக்குதா? இவ்வளவு தூரம் வந்துட்டு ஏமாத்தாத. ஒனக்காக எத்தன பேரு கையி உரிஞ்சிருக்கு தெரியுமா? ஏ!"

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிய இடத்தில் அவளுடைய கழுத்துக்குப் பின்னால் ஏதோ குலுங்கியது. பிறகு அவன் இருமினான். வயிறு குமட்டி, குடித்த உப்புத் தண்ணீர் முழுவதையும் அவள் கழுத்துவழியே முதுகுக்குள் கொட்டினான். வெதுவெதுப்பாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவள்மேல் அவ்வளவு நல்லதாக ஒன்றும் பட்டதில்லை.

"பதினாலு!" என்று கெசையா கத்தினாள். "பதினாலு! உசுரோட இருக்கான்! பதினாலு பேரும் உசுரோட!"

கரையில் ஆரவாரம் வெடித்தது. கேப்டன் மண்டியிட்டு அழுதார். ரோஜர் யாரையோ கட்டிப்பிடித்து ஆடினான். பெல்லா தண்ணீருக்குள் ஓடிவந்து, "குடுடி, நான் தூக்குறேன், ஒனக்கு மூச்சு வாங்குது" என்று கையை நீட்டினாள். இன்னும் நாலு பேர் நீட்டினார்கள். கெசையா யாரிடமும் கொடுக்கவில்லை. அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும், இருமுகிறவனை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு, மணலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, தன் வீட்டு அடுப்புக்கு முன்னால் வரைக்கும் தானே சுமந்து போனாள்.